பசறை பஸ்ஸும் மயக்க மருந்தும்



பசறை பஸ்ஸில் நாலு வளைவு தாண்டுமுன் வாந்தி எடுப்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. நாம் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் மருத்துவ வரலாற்றில் அந்த வாந்திக்கு ஓர் இடம் இருக்கிறது.

1846 ஒக்டோபரில் பொஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து வலியில்லாமல் சத்திரசிகிச்சை செய்துகாட்டினார்கள். அடுத்த வருடம் எடின்பரோவில் குளோரோபோம் வந்தது. வலி போனது, வாந்தி வந்து சேர்ந்தது. 1848 இலேயே லண்டன் வைத்தியர் ஜோன் ஸ்னோ இதைப்பற்றி எழுதினார். பிற்காலத்தில் கொலரா தண்ணீரால் பரவுவதைக் காட்டியவரும் இவர்தான். சிகிச்சை முடிந்த கையோடு நோயாளியை அசைத்தால் வாந்தி வரலாம் என்று அவர் கவனித்திருந்தார்.

ஆனால் ஒரே மருந்து, ஒரே சத்திரசிகிச்சை. ஒருவர் எழும்பித் தேநீர் கேட்கிறார், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் ஓங்கரிக்கிறார். ஏன்?

1999 இல் கிறிஸ்டியன் அப்ஃபெல் என்ற வைத்தியரின் குழு நான்கு காரணங்களைச் சொன்னது: பெண்ணாக இருப்பது, புகைக்காமல் இருப்பது, முன்பு சத்திரசிகிச்சைக்குப் பின்னரோ பயணத்திலோ வாந்தி எடுத்திருப்பது, பிறகு மோர்ஃபின் போன்ற வலிமருந்து பெறுவது. ஒன்றும் இல்லாதவர்களில் 100 க்கு 10 பேருக்கு வாந்தியோ குமட்டலோ வரும். இரண்டு இருந்தால் 40, நான்கும் இருந்தால் 80. நம் பெண்களில் பெரும்பாலானோர் முதல் இரண்டோடுதான் தியேட்டருக்குள் போகிறார்கள்.

அதற்குப் பிறகு மரபணு பேசத் தொடங்கியது. வாந்தியை நிறுத்தும் ஒன்டன்செட்ரோனை ஈரலில் உள்ள ஒரு நொதியம் சிதைக்கிறது. சிலருக்கு அந்த நொதியத்தின் மரபணு ஒன்றுக்கு மேல் கூடுதலாக இருக்கும். அவர்களுடைய உடம்பில் மருந்து வேகமாகக் கரைந்துவிடும், பலன் குறையும். அவர்களுக்கு கிரானிசெட்ரோன் போன்ற மாற்று மருந்து உண்டு. 2015 இல் 80,000 பேருக்கு மேல் ஆராய்ந்து, பயண வாந்தியோடு தொடர்புள்ள 35 மரபணு இடங்களைக் கண்டார்கள். ஆராயப்பட்டவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். நம் மலைநாட்டு இரத்தம் அந்தக் கணக்கில் இல்லை.

ஆகவே இப்போதைக்கு நமக்குள்ள மரபணு ஏடு நம் குடும்பத்தின் ஞாபகம்தான். வாந்தி எடுத்தால் தையல் இழுபடும், உடம்பில் நீர் வற்றும், வீடு திரும்புவது தள்ளிப்போகும். நாட்சம்பளக் குடும்பத்துக்கு ஒரு நாளும் பெரிய விஷயம்.

மயக்க மருந்து வைத்தியர் "வேறு ஏதும் பிரச்சினை இருக்கிறதா?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை டொக்டர்" என்று வெட்கப்பட்டுச் சொல்லாதீர்கள். "பஸ்ஸில் வாந்தி வரும், போன ஒப்பரேசனிலும் வந்தது, உம்மாவுக்கும் அப்படித்தான்" என்று சொல்லுங்கள். பாசை தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். முன்கூட்டியே தெரிந்தால் வைத்தியரால் மருந்தை மாற்ற முடியும்.