பழைய மெஸியின் கை எக்ஸிலேட்டர்

அலுவிகாரை என்றதும் எல்லோரும் குகை விகாரையைத்தான் சொல்வார்கள். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பஞ்சத்திலும் போரிலும் பிக்குகள் மடிந்துகொண்டிருந்தபோது, அதுவரை மனனமாகவே காக்கப்பட்டு வந்த திரிபிடகம் இங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டது. வருடந்தோறும் வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுக்கிறோம். அதே ஏ9 வீதியோரம் இன்னும் ஏட்டில் ஏறாத அறிவு ஒன்று உண்டு. பழைய ட்ரக்டர் திருத்தும் பாஸ்மாரின் அறிவு. அதில் ஒரு சின்னத் துண்டை, கை எக்ஸிலேட்டரை மட்டும், இன்று எழுதி வைக்கிறோம்.

நம் நாட்டில் நான்கு சில்லு ட்ரக்டருக்கு ‘மெஸி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அதன் மூத்தவர் சாம்பல் நிற பெர்குசன் டி.ஈ.20. யுத்த காலத்தில் விமான எஞ்சின் செய்த கொவென்ட்ரி நகரத் தொழிற்சாலையில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். 1953இல் ஹரி பெர்குசனின் கம்பனி மெஸி ஹரிஸோடு சேர்ந்தது. 1956இல் 35 வந்தது, 1964 இறுதியில் 135 வந்தது. எட்மண்ட் ஹிலரி 1958 ஜனவரியில் தென் துருவத்துக்குப் போனதும் இந்த டி.ஈ.20 பெர்குசனில்தான். எவரெஸ்ட் பற்றிக் கேட்டால் உடனே கை தூக்கும் பிள்ளைகளுக்கு இது தெரியாது.

சரி, கைப்பிடிக்கு வருவோம். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சிறிய லீவர். காரில் போல காலை எடுத்தால் இறங்கிவிடும் எக்ஸிலேட்டர் அல்ல இது. வில்லும் வாஷரும் அழுத்துகிற இறுக்கத்தில், வைத்த இடத்தில் நிற்க வேண்டும். அது எஞ்சினுக்கு நேரே எரிபொருளைத் திறந்துவிடுவதுமில்லை. கவர்னர் என்ற பாகத்துக்கு “இத்தனை சுற்றில் ஓடு” என்று கட்டளை மட்டுமே கொடுக்கிறது. கலப்பை இறுகினால் கவர்னர் தானாக எரிபொருளைக் கூட்டும், மண் இளகினால் குறைக்கும். சாரதியின் கண் உழவுச் சாலில் இருக்கலாம்.

இதன் அருமை வயலைவிடக் களத்தில்தான் தெரியும். எருமை போய், சூடு மிதிக்கும் இயந்திரங்கள் வருவதற்கு முன், கலேவெல, தம்புள்ளைப் பக்கமெல்லாம் ட்ரக்டரால்தான் சூடு மிதித்தார்கள். கதிரைப் பரப்பி, அதன்மேல் இரவு முழுக்க வட்டம் சுற்ற வேண்டும். வேகம் கூடினால் நெல் நொறுங்கும், வைக்கோல் உதைக்கிறவர் விலக நேரமிருக்காது. குறைந்தால் விடியும்வரை முடியாது. அந்த ஒரே சீரான வேகத்தைப் பிடித்து வைத்தது இந்தச் சாண் அளவு லீவர்தான்.

அது தேயும். வாஷர் வழவழப்பாகி, குலுக்கத்தில் லீவர் மெதுவாகத் தானே இறங்கும். கம்பிகளின் நுனியிலுள்ள உருண்டை மூட்டுகள் ஆட்டம் கொடுக்கும், பின் போகிற ஓட்டை முட்டை வடிவமாகும். அப்போது கவர்னர் ஒன்று சொல்ல, கம்பி ஒன்று செய்ய, எஞ்சின் ஏறி இறங்கி ஏறி இறங்கி மூச்சு வாங்கும். அலுவிகாரையின் ஏற்ற இறக்கத்தில் இது சின்ன விசயமில்லை. பெட்டிக்கு அனேகமாகத் தனி பிரேக் கிடையாது. கல்லோ மணலோ ஏற்றிய பெட்டியோடு ஏற்றத்தின் நடுவில் லீவர் இறங்கி எஞ்சின் நின்றால், பின்னால் வருகிறவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

நல்ல பாஸ் முதலில் எஞ்சினைத் தொட மாட்டார். லீவரிலிருந்து பம்ப் வரைக்கும் ஒவ்வொரு மூட்டாகப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். முட்டையான ஓட்டையை வெல்டிங்கால் அடைத்து, திரும்பத் துளைத்து, புதுப் பின் போடுவார். தண்டு தேய்ந்திருந்தால் லேத்தில் கடைந்த பித்தளை புஷ். உருண்டை மூட்டை மட்டும் திருத்துவதில்லை, மாற்றுவார். அவசரக்காரர் செய்வது வேறு. லீவரைச் சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டுவார், அல்லது பம்பில் ஈயமுத்திரை வைத்த உச்ச வேக ஸ்குரூவைத் திருகிவிடுவார். அந்த முத்திரை அலங்காரத்துக்கல்ல. அதை உடைத்தால் எஞ்சின் தாங்கக்கூடிய சுற்றைத் தாண்டி ஓடும். கம்பியின் ஆட்டம் அப்படியே இருக்கும்.

பழைய டீசல் பெர்குசனில் கதை இன்னும் சுவாரஸ்யம். அதன் கவர்னர் எஞ்சின் உறிஞ்சும் காற்றால் வேலை செய்வது. உள்ளே எண்ணெய் ஊறிய மெல்லிய தோல் ஒன்று இருக்கும். தோல் காய்ந்து ஊசித்துளை விழுந்தாலே போதும், லீவர் எங்கே இருந்தாலும் எஞ்சின் தன் இஷ்டத்துக்கு ஓடும். புது லீவர் வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

இத்தனை திருத்தமும் ஆசைக்காகக் கற்றதல்ல. 1970 முதல் 1977 வரை, அந்நியச் செலாவணி இல்லாமல் இறக்குமதியை இறுக்கிய காலத்தில், ஒரு பாட்ஸுக்குப் பஞ்சிகாவத்தைக்குப் போனாலும் வெறுங்கையோடு வர வேண்டியிருந்தது. கடைய முடிந்ததைக் கடைந்தார்கள், முடியாததை இன்னொரு ட்ரக்டரிலிருந்து கழற்றினார்கள். எங்களுக்குத் தெரிந்த கராஜ்களின் கைவேலை பெரும்பாலும் அந்த ஏழு வருடத்தின் பிள்ளை. சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே, மெஸி பெர்குசனோடு கூட்டாக அதே 35இன் வம்சத்தைத் தொடர்ந்து செய்தது பின்னாளில் கைகொடுத்தது. கொவென்ட்ரியில் பிறந்த வண்டிக்குச் சென்னைப் பாகம் பொருந்தியது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022 ஏப்ரலில் நாடு கடன் கட்ட முடியாதென்று அறிவித்தது. பழைய இரும்புக்குப் போகவிருந்த மெஸிகள் மறுபடி கராஜுக்கு வந்தன. ஆனால் இம்முறை பாஸ்மார் அறுபதைத் தாண்டியிருந்தார்கள். பிள்ளைகள் கட்டாரிலும் கொழும்பிலும். எந்தக் கம்பி எந்த நீளம், எந்த வாஷர் எந்தத் தடிப்பு என்று கேட்டால் நானாமார் விரலால் காட்டுகிறார்கள், எழுதித் தருவதில்லை.

அதனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரோடு அளவுகளை எழுத ஆரம்பித்திருக்கிறோம். இதுவரை 35க்கும் 135க்கும் லீவர், கம்பி, மூட்டு எல்லாம் வரைந்தாயிற்று. சாம்பல் பெர்குசன் ஒன்று கிடைக்கவில்லை. உக்குவளை, பலாபத்வல, நாவுல பக்கம் யாருடைய கொட்டிலிலாவது ஓடாமல் கிடந்தாலும் சொல்லுங்கள். கழற்ற மாட்டோம், அளந்துவிட்டு வந்துவிடுவோம்.