மேசைக் காசு

பண்டார் பாருவில் ஆற்றோரம் நின்றால் எதிர்க்கரையில் பாரிட் புந்தார் தெரியும். இந்தக் கரை கெடா, அந்தக் கரை பேராக். கொஞ்சம் தள்ளிப் போனால் நிபோங் திபால், அது பினாங்கு. எங்கள் தோட்டத்துப் பையன்கள் பாலம் தாண்டுவது பெரும்பாலும் இரண்டு காரியத்துக்குத்தான். ஒன்று ரயில் பிடிக்க. மற்றது, கடைவரிசை மாடியில் ஸ்னூக்கர் ஆட.

சனிக்கிழமை இரவுகளில் நானும் அந்த மாடி ஏறுவதுண்டு. ஆடத் தெரியாது, பார்க்கத் தெரியும். வெளிச்சம் முழுவதும் பச்சைத் துணிமேல் விழும். சுற்றி நிற்பவர்களின் முகங்கள் இருட்டில் இருக்கும். ஒரு தம்பி வருவான். அவன் குனிந்தால் முகவாய் குச்சியை உரசும்; நிமிரும்போது அங்கே நீலச் சாக்குப் பொடி ஒரு கோடாக ஒட்டியிருக்கும். தோற்றவன்தான் மேசைக்கு மணிக் காசு கட்ட வேண்டும் என்பது கடைச் சட்டம். இவன் காசு கட்டி நான் பார்த்ததில்லை. ஒருநாள் கேட்டேன்: “ஏன் தம்பி, வேலைய விட்டுட்டு இதையே தொழிலா வச்சிக்கிட்டா என்ன?”

“மேசைக் காசு மிச்சம், அவ்வளவுதாண்ணே. சோத்துக் காசு யாரு குடுப்பா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்கு நினைவு ஊட்டிக்குப் போனது. ஏனென்றால் இந்த ஆட்டம் இந்தியாவில் பிறந்தது. பிறக்கும்போதே சோற்றுக் காசை வேறெங்கோ வைத்துவிட்டுத்தான் பிறந்தது.

ஸ்னூக்கருக்கு முன்னால் இருந்தது பூல். பலரும் குளம் என்று நினைத்துக்கொள்ளும் அந்தப் பெயருக்குத் தண்ணீரோடு சம்பந்தமில்லை. ஆடுபவர்கள் எல்லாரும் நடுவில் போட்டு வைக்கும் பந்தயப் பணத்துக்குப் பிரெஞ்சில் ‘பூல்’ என்று பெயர். அந்தப் பணத்துக்காக ஆடிய ஆட்டங்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது. அதில் ஒன்று ‘லைஃப் பூல்’. ஆளுக்கு ஒரு நிறப் பந்து, மூன்று உயிர். உன் பந்தை எவன் குழியில் தள்ளுகிறானோ, அவனுக்கு ஓர் உயிருக்கான காசை நீ கொடுக்க வேண்டும். மூன்று உயிரும் போனால் வெளியே போய் நிற்க வேண்டியதுதான். கடைசிவரை உயிரோடு நின்றவனுக்கு நடுக்காசு. ‘பிரமிட்’ என்று இன்னொன்று: 15 சிவப்புப் பந்துகள், விழுகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. பிறகு கறுப்புப் பந்தைச் சேர்த்து ‘பிளாக் பூல்’ வந்தது. எதிராளியின் பந்தைத் தள்ளிய கையோடு கறுப்பையும் தள்ளிவிட்டால், மேசையைச் சுற்றி நிற்கும் அத்தனை பேரும் அவனுக்குக் கூடுதலாகக் காசு கொடுக்க வேண்டும்.

1875 மழைக்காலம். ஜபல்பூரில் டெவன்ஷயர் படைப்பிரிவு அதிகாரிகளின் மெஸ். வெளியே போக முடியாது, பொழுது போக வேண்டும். நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி (பிற்பாடு பிரிட்டிஷ் பிரதமரானவர் வேறு ஆள்) கறுப்போடு இன்னும் சில நிறங்களையும் சேர்த்துப் பார்த்தால் என்ன என்றார். அப்போது அவருக்கு வயது 19. நிறம் கூடக் கூடக் காசு கைமாறும் வழியும் கூடியது. பழகிவிட்டது.

பெயர் வந்தது ஒரு கிண்டலில். உல்விச் ராணுவப் பள்ளியில் முதலாண்டு மாணவனை ‘ஸ்னூக்கர்’ என்பார்கள் என்று விருந்துக்கு வந்த ஒருவர் சொல்லியிருந்தார். நம் பேச்சில் கத்துக்குட்டி. சுலபமான பந்தைக் கோட்டைவிட்ட ஒருவரைப் பார்த்து சேம்பர்லேன் அந்தச் சொல்லைப் போட்டார். கோட்டைவிட்டவர் முகம் சுருங்கியதும், இந்த ஆட்டத்தில் நாம் எல்லாருமே ஸ்னூக்கர்தானே என்று சமாளித்தார். ஆட்டத்துக்கு அதுவே பெயராக நின்றது.

சேம்பர்லேன் ஆப்கன் போரில் காயம்பட்டு, பின்பு மதராஸ் படைத் தளபதி பிரெடெரிக் ராபர்ட்ஸின் அலுவலர்களில் ஒருவரானார். கோடை வந்தால் தளபதியும் பரிவாரமும் உதகமண்டலம் ஏறிவிடுவார்கள். அங்கே ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில், 1882இல், ஸ்னூக்கரின் விதிகளை எழுதிச் சுவரில் மாட்டினார்கள். ஜபல்பூர் பெற்ற பிள்ளைக்கு ஊட்டியில் ஜாதகம் எழுதினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த மேசையைச் சுற்றி நின்ற ஒருவருக்கும் அடுத்த வேளைக் கவலை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாருக்கும் மாதச் சம்பளம் உண்டு. இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்குப் போன காசு மறுநாள் இந்தப் பைக்கே திரும்பும். மேசையை நம்பி அந்த அறையில் சம்பளம் வாங்கியவர் ஒருவர் உண்டென்றால், அவர் பந்து எடுத்து வைத்துப் புள்ளி எண்ணிய மார்க்கர். இந்தியக் கிளப்புகளில் அந்த வேலைக்கு இன்றும் அதுதான் பெயர். பிறந்த கதை சொல்பவர்கள் அவரைச் சொல்வதில்லை.

1885இல் கல்கத்தாவில், கூச் பெஹார் மகாராஜாவின் விருந்தில், ஜான் ராபர்ட்ஸ் என்ற பெயர்பெற்ற பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர் சேம்பர்லேனிடம் விதிகளைக் கேட்டறிந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே சம்பளமில்லாதவர்களும் ஆடத் தொடங்கினார்கள். தொல்லையும் தொடங்கியது. 1927இல் முதல் உலகத் தொழில்முறைப் போட்டியில் ஜோ டேவிஸ் ஜெயித்தார். பரிசு 6 பவுன் 10 ஷில்லிங். 1931இல் உலகப் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்களே இரண்டு பேர். 1958 முதல் ஆறு வருஷம் போட்டியே நடக்கவில்லை.

காப்பாற்றியது, வேடிக்கையைப் பாருங்கள், அதே நிறங்கள். கறுப்பு வெள்ளை டிவியில் எந்தப் பந்து எது என்று யாருக்குத் தெரியும்? 1969இல் பிபிசி கலர் ஒளிபரப்பைக் காட்டிக்கொள்ள ஒரு நிகழ்ச்சி தேடியபோது ஸ்னூக்கர் கிடைத்தது. பின்னாலேயே சிகரெட் கம்பெனிகள் பணத்தோடு வந்தன. சேம்பர்லேன் பந்தயத்துக்காகச் சேர்த்த நிறங்கள் விளம்பரதாரரைக் கூட்டி வந்தன. 2025இல் உலகப் பட்டம் வென்ற சீனத்து சாவ் சின்டோங்குக்கு 5,00,000 பவுன்.

அந்த எண்ணைப் பார்த்துத்தான் பையன்களுக்குக் கண் விரிகிறது. தொழில்முறைச் சுற்றில் இருப்பவர்கள் ஏறக்குறைய 128 பேர். கீழ்வரிசையில் இருப்பவர்கள் தாக்குப்பிடிக்க முடியாமல், 2022-23 பருவத்தில் ஆளுக்கு 20,000 பவுன் நிச்சயம் என்று அறிவித்தார்கள். அதுவும் இனாம் இல்லை. பரிசுப் பணத்தில் கழித்துக்கொள்ளும் முன்பணம். விமானம், ஓட்டல், சாப்பாடு எல்லாம் அதற்குள். ஆசியாவிலிருந்து போகிறவனுக்கு இங்கிலாந்தில் வாடகை வீடு வேறு.

பெங்களூரு பங்கஜ் அத்வானி உலகப் பட்டங்களை அடுக்கி வைத்தவர். 2012இல் அந்தச் சுற்றுக்குப் போனார், 2014இல் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். அவருக்கு இந்தியாவில் ஓஎன்ஜிசி எண்ணெய் நிறுவனத்தில் வேலை இருந்தது. இதில் நான் குறை காணவில்லை. சம்பளம் ஓரிடம், பந்து ஓரிடம் என்பதுதான் ஊட்டிக் கணக்கு.

பூல் பக்கம் இன்னும் மோசம். பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரெயஸ் சிறுவயதில் மணிலாவில் மாமாவின் பூல் கடையில் மேசைமேலேயே படுத்துத் தூங்கி வளர்ந்தவர். 1985இல் அமெரிக்கா போனபோது சீசர் மொராலெஸ் என்று வேறு பெயரில் ஆடினார். உண்மைப் பெயர் தெரிந்தால் எவன் காசு கட்டுவான்? 1996இல் ஹாங்காங்கில் 120 ஆட்டம் முதலில் ஜெயிப்பவருக்கு 1,00,000 டாலர் என்ற போட்டியில் 120-117 என்று ஜெயித்தார். 2006இல் ரீனோவில் பரிசு 5,00,000 டாலர். பூல் அதுவரை பார்த்திராத தொகை. அதையும் ஜெயித்தார். ஜெயித்த பிறகு, கையில் பணமில்லை என்று அமைப்பாளர்கள் அறிவித்தார்கள். உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பலரும் ஒப்புக்கொள்ளும் மனிதருக்கே இந்த நிலை.

சேம்பர்லேன் 1938இல், 82 வயதில், லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். ஆட்டத்தை உண்டாக்கியது யார் என்று அப்போது ஊருக்கு ஒரு கதை உலவியது. உண்டாக்கியவன் நான்தான் என்பதைப் பதிவு செய்தார். பேர் மட்டும்தான் கேட்டார்.

போன சனிக்கிழமை அந்தத் தம்பி தோற்றான். நிபோங் திபாலிலிருந்து வந்த ஒரு சீனப் பையன், பள்ளிக்கூடம் முடித்திருப்பானோ என்னவோ, கடைசிக் கறுப்பை ஓரக் குழியில் மெல்ல உருட்டிவிட்டான். தம்பி சாக்குப் பொடி ஒட்டிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கல்லாவுக்குப் போய் வெள்ளியை எண்ணி வைத்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“இன்னொரு ஆட்டம்?” என்றான் சீனப் பையன் மலாயில்.

“நாளைக்குக் காலை ஷிப்ட், கூலிம் போவணும்” என்று அவனும் மலாயிலேயே சொல்லிவிட்டு, குச்சியை இரண்டாகக் கழற்றிப் பையில் போட்டு ஜிப் இழுத்தான்.