மூடிய இறக்கையும் பழைய புத்தகமும்

சின்னப் பழுப்புப் பட்டாம்பூச்சி ஒன்றைப் படம் பிடித்துக்கொண்டு வந்து, அது என்ன என்று பார்க்கப் பழைய புத்தகத்தைத் திறப்பவர்களுக்கு முதலில் எரிச்சல்தான் வரும். சார்லஸ் பிங்ஹாம் எழுதி 1905-ல் வந்த இந்தியப் பட்டாம்பூச்சித் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இனமானாலும் முதலில் மேற்பக்கத்து நிறம், மேற்பக்கத்துப் புள்ளி, மேற்பக்கத்து ஓரக்கோடு. அதெல்லாம் முடிந்த பிறகுதான் கீழ்ப்பக்கம். நம் படத்திலோ கீழ்ப்பக்கத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. புஷ்பிரவுன் என்று சொல்லும் இந்த வகைகள் உட்கார்ந்ததும் இறக்கையை மூடிக்கொள்ளும்; விரித்துக் காட்டுவது அபூர்வம். குன்னூரில் ஸ்டுடியோ வைத்துப் பிழைத்தவன் நான். பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும் எனக்கு.

இதற்குக் காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் பார்த்தது செத்த பூச்சி. வலையில் விழுந்தது கண்ணாடிக் குப்பிக்குள் போகும். குப்பியின் அடியில் சயனைடு, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூச்சு. கசிகிற ஆவியிலேயே பூச்சி அடங்கிவிடும். முக்கோணமாக மடித்த காகிதத்துக்குள் வைத்து ஊருக்கு அனுப்புவார்கள். அங்கே ஈரம் காட்டி விறைப்பைத் தளர்த்தி, நடுவில் பள்ளம் வெட்டிய பலகையில் உடலைக் கிடத்தி, நெஞ்சில் ஊசி குத்தி, நாலு இறக்கையையும் விரித்துக் காயவைப்பார்கள். கண்ணாடி போட்ட இழுப்பறையைத் திறந்தால் வரிசையாகத் தெரிவது மேற்பக்கம்தான். அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அதுவே பூச்சியின் முகம்.

எங்கள் மலையில் இந்த வேலை குன்னூருக்கு ரயில் ஏறிவந்த 1899-க்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. அடால்ஃப் டெலசர் என்ற பிரெஞ்சுக்காரர் 1834-லிருந்து 1839 வரை பயணம் செய்து உயிரினங்களைச் சேகரித்தார்; நீலகிரிக்கும் வந்தார். அவருடைய பயண நூல் 1843-ல் வெளிவந்தபோது, அதில் பூச்சிகளுக்குப் பெயர் வைத்தவர் கெரேன்-மென்வீல். கரும்பழுப்பு புஷ்பிரவுன் ஒன்றுக்கு டெலசரின் முதற்பெயரையே கொடுத்துவிட்டார். இன்றைக்கு அது டெலிங்கா அடால்ஃபி, ஆங்கிலத்தில் ரெட்-ஐ புஷ்பிரவுன். சோலைக்காட்டு நிழலில் முழங்கால் உயரத்துக்கு மேல் பறக்க யோசிக்கிற ஒரு பூச்சி, பிரெஞ்சுக்காரர் ஒருவரின் முதற்பெயரைச் சுமந்துகொண்டு திரிவதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அப்புறம் தேயிலைத் தோட்டக்காரர் ஜார்ஜ் ஹாம்ப்சன். 1888-ல் நீலகிரி மாவட்டத்துப் பட்டாம்பூச்சிகளைப் பட்டியலிட்டார். பிறகு லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போய் அந்துப்பூச்சிகளிலேயே மூழ்கிவிட்டார். 1927-ல் பட்டாளத்து அதிகாரி எவன்ஸ் எழுதிய அடையாள நூல் வந்தது. தந்தி வாசகம் போலச் சுருக்கி எழுதுவார் மனிதர். புஷ்பிரவுன்களைப் பிரிக்க அவர் கேட்பது ஆண் பூச்சியின் வாசனைச் செதில்களையும் மயிர்க்கற்றையையும். அவை முன்னிறக்கையும் பின்னிறக்கையும் ஒன்றின்மேல் ஒன்று படிகிற இடத்தில் ஒளிந்திருக்கும். செத்த பூச்சியின் இறக்கையை விலக்கிப் பார்க்கலாம். உயிரோடு இலையில் உட்கார்ந்திருப்பதை என்ன செய்ய? 1957-ல் வந்த வின்டர்-பிளைத்தின் புத்தகம் கொஞ்சம் மனது வைத்தது. பூச்சி எங்கே இருக்கும், எப்படிப் பறக்கும் என்றெல்லாம் சொன்னது. அவர் பள்ளிக்கூடத்து வாத்தியார், அதனால் இருக்கலாம்.

ஆனால் பழுப்புப் பூச்சிகளுக்கு நியாயம் செய்தவர் இவர்களில் யாரும் இல்லை. அவர் கல்கத்தாவில் இருந்தார். லயோனல் டி நைஸ்வில், 1852-ல் பிறந்தவர், 1870-ல் இந்தியாவுக்கு வந்து அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தவர். பட்டாளத்துக்காரர்களும் தோட்டத்துரைகளும் வலையோடு அலைந்த காலத்தில் இவர் ஒரு குமாஸ்தா. அலுவலகம் விட்ட நேரத்தில் பட்டாம்பூச்சி பார்த்தவர், ஜார்ஜ் மார்ஷலோடு சேர்ந்து இந்தியா, பர்மா, இலங்கைப் பட்டாம்பூச்சிகள் பற்றிய தொகுதிகளை 1882-லிருந்து வெளியிடத் தொடங்கினார்.

அப்போது ஒரு வழக்கு தீராமல் கிடந்தது. ஈவ்னிங் பிரவுன் என்ற பூச்சியை நம் ஊர்களில் பார்க்காதவர் குறைவு. அந்தியில் திண்ணை ஓரமாகத் தத்தளிக்கும், சில நாள் விளக்கைத் தேடி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். மழைக்காலத்தில் அதன் கீழ்ப்பக்கம் நுண்ணிய வரிகளும் தெளிவான கண்புள்ளிகளுமாக இருக்கும். வறண்ட மாதங்களில் புள்ளியெல்லாம் மங்கி, கருகிய திட்டும் நரம்புமாக அசல் சருகு. ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. இரண்டையும் இரண்டு இனம் என்றே வைத்திருந்தார்கள்: லின்னேயஸ் 1758-ல் பெயரிட்ட லெடா, பின்னால் கிராமர் பெயரிட்ட இஸ்மீனி. புஷ்பிரவுன்களிலும் இதே கதை, ஜோடி ஜோடியாகப் பெயர்கள். வித்தியாசம் பெரும்பாலும் கீழ்ப்பக்கத்தில். இழுப்பறையில் குப்புறக் கிடக்கிற பக்கம்.

டி நைஸ்வில் வலையை ஓரமாக வைத்துவிட்டு வளர்க்க ஆரம்பித்தார். முட்டையிலிருந்து வரும் பச்சைப் புழு, தலையில் குட்டிக் கொம்பு இரண்டு, தீனி புல்தான். புல்தின்னிகளை வளர்ப்பது பெரிய வித்தை இல்லை. எந்த மாதத்து முட்டை, எந்த மாதம் என்ன உருவத்தில் வெளியே வந்தது என்று பொறுமையாக எழுதிவைப்பதுதான் வேலை. குமாஸ்தாவுக்கு அது கைவந்த கலையாக இருந்திருக்கும். 1886-ல் வங்காள ஆசியச் சங்க இதழில் எழுதினார்: ஒரு உருவம் இட்ட முட்டையிலிருந்து மற்ற உருவம் வருகிறது, ஆக, இரண்டும் ஒன்றே, மாற்றுவது பருவம். பெயர்கள் பாதியாகக் குறைந்தன. 1901-ல் அரசாங்கப் பூச்சியியல் அதிகாரி ஆனவர் அதே வருடம் டிசம்பரில் மலேரியாவில் போய்ச் சேர்ந்தார்.

ஏன் மாறுகிறது என்பதற்கு ஒரு விளக்கம் 1984-ல் வந்தது. பால் பிரேக்ஃபீல்டும் டோர்பன் லார்சனும் சேர்ந்து எழுதியது. லார்சன் டென்மார்க்காரர், படித்தது பொருளாதாரம், நீலகிரிப் பட்டாம்பூச்சிகளை விரிவாக ஆராய்ந்து 1987, 88-ல் வெளியிட்டவரும் அவர்தான். மழைக்காலத்தில் பூச்சி பச்சைப் புல்லுக்கு நடுவே ஓடியாடி இணை தேடுகிறது. ஒளிய வழியில்லை, அதனால் ஓரத்துக் கண்புள்ளி எதிரியின் கொத்தை உடம்பிலிருந்து விலக்குகிறது. வறண்ட காலத்தில் சருகோடு சருகாக அசையாமல் கிடக்க வேண்டும். அங்கே புள்ளி இருந்தால் ஆபத்து. பின்னர் ஹாலந்தின் லைடன் ஆய்வகத்தில், மலாவியிலிருந்து கொண்டுவந்த ஆப்பிரிக்க புஷ்பிரவுனை வளர்த்துப் பார்த்தார்கள். புழுவை 27 டிகிரியில் வளர்த்தால் பெரிய கண்புள்ளி, 17 டிகிரியில் வளர்த்தால் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகு பர்லியாருக்குப் போவது வேறு மாதிரி. மேட்டுப்பாளையம் சாலையில் பலாப்பழக் கடைகள் இருக்கும் இடம். சீசனில் கடைக்காரர்கள் தூக்கி எறியும் சக்கையில், நிழல் பக்கமாகப் பார்த்தால் புஷ்பிரவுன்கள் மொய்க்கும். பூவைத் தேடி இவை அலைவதில்லை, புளித்த பழச்சாறு போதும். குடிக்க ஆரம்பித்துவிட்டால் நாம் குப்புறப் படுத்து நெருங்கினாலும் அசையாது. மேக்ரோ லென்ஸில் பார்த்தால் நாலே காலில் நிற்பது தெரியும். முன்கால் இரண்டும் சிறுத்து மார்போடு ஒட்டியிருக்கும். கண்ணின் மேல் மயிர் முளைத்திருக்கும், ஒளி சாய்வாக விழுந்தால் பொன் தூசி மாதிரி தெரியும். யானையும் அதே பழத்துக்கு வரும் என்பதால் சாயங்காலம் நான் நிற்க மாட்டேன். கடைக்காரர் ஒருவர், "அண்ணே, சக்கையைப் போய் படம் எடுக்கிறீங்களே, பழம் இங்கே இருக்கு" என்பார். பழமும் வாங்கிவிட்டுத்தான் வருவேன்.

ஃபிலிம் காலத்தில் இந்த நிழலில் படம் எடுப்பது கஷ்டம். நூறு ஐஎஸ்ஓ ரோல், ஐம்பது எம்எம் லென்ஸுக்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் டியூப், ஃபிளாஷ். இறக்கை கேமராவுக்கு இணையாக இல்லாவிட்டால் பாதி புள்ளி ஃபோகஸில் இருக்கும், பாதி கலங்கிவிடும். ஃபிளாஷ் ஓங்கி அடித்தால் குறுக்கே ஓடும் வெளிர்கோடு வெளுத்துவிடும். இனத்தைச் சொல்வதே சில சமயம் அந்தக் கோடுதான். ரோலைக் கோயமுத்தூருக்கு அனுப்பி, கழுவி வந்த பிறகுதான் எல்லாம் தெரியும். டிஜிட்டல் வந்த பிறகு இந்தத் தொல்லை போயிற்று.

புத்தகங்களும் மெல்லத் திரும்பின. ஐசக் கெஹிம்கர் 2008-ல் கொண்டுவந்த நூலில் உயிரோடு இருக்கிற பூச்சியைத்தான் காட்டினார், புஷ்பிரவுன் என்றால் மூடிய இறக்கைதான். பிங்ஹாமின் வரிசை தலைகீழாகிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் பழைய ஆட்களிடம் இருந்த ஒரு பழக்கம் விட்டுப்போகிறது. நல்ல சேகரிப்பாளர் ஒவ்வொரு ஊசியிலும் பூச்சிக்குக் கீழே ஒரு துண்டுச்சீட்டு குத்தியிருப்பார்: இடம், உயரம், தேதி. இப்போது பையன்கள் எனக்கு அனுப்புகிற படங்கள் அற்புதமாக இருக்கின்றன, ஆனால் கோடையில் எடுத்ததா மழையில் எடுத்ததா, பர்லியாரா கோத்தகிரியா என்று கேட்டால் போனைத் துழாவுகிறார்கள். புள்ளி மங்கிய புஷ்பிரவுனைத் தேதி இல்லாமல் இன்னதென்று நான் சொல்லமாட்டேன். முதலில் தேதி, இடம், அப்புறம் படம் என்ற வரிசையில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், சிலர் அனுப்புகிறார்கள்.