வாடகை வீடும் வாரிசு மகளும்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, சிட்லபாக்கம் என எத்தெருவில் நடந்தாலும் ஒரே அமைப்பிலான வீடுகள் பல நம் கண்ணில் படும். முன்கட்டில் வீட்டுக்காரர், பின்கட்டில் ஒரு குடித்தனம், மாடியில் இரண்டு குடித்தனம். மாதப் பிறப்பில் குடிக்கூலி ஒருவர் கையில் வந்து சேரும். அந்த ஒருவர் உயிரோடிருக்கும்வரை வீடு அமைதியாக இருக்கும். அவர் மறைந்த பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும் முதற் கேள்வி எழும்: இனி வாடகையை வாங்குவது யார்?

மூத்த மகன் முந்திக்கொள்வார். இளையவர் முணுமுணுப்பார். மகளிடம் எவரும் ஒன்றும் கேட்பதில்லை. "இது பரம்பரைச் சொத்து, வேறு வீட்டுக்குப் போன பெண்ணுக்கு இதில் என்ன இருக்கிறது? போட வேண்டிய நகையைப் போட்டாயிற்று, செய்ய வேண்டிய சீரைச் செய்தாயிற்று" என்று உறவினர் கூடித் தீர்ப்பளித்துவிடுவர். நாம் கேட்கிறோம்: பரம்பரைச் சொத்து என்கிறீர்களே, அந்தப் பரம்பரை எத்தனை தலைமுறையது?

தாம்பரத்து வீட்டின் வரலாறு நீண்டதன்று. 1928இல் காசநோய் மருத்துவமனை இங்கே எழுந்தது. 1931இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம்வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கிற்று. 1937இல் கிறித்தவக் கல்லூரி நகரத்தின் நெரிசலை விட்டு இங்கே குடிபெயர்ந்தது. சென்னையில் அலுவல், தாம்பரத்தில் வீடு என்னும் வாழ்க்கையை உண்டாக்கியது அந்த இரயில்தான். எழுத்தரும் ஆசிரியரும் இரயில்வே தொழிலாளரும் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மனை வாங்கினர். கடன் வாங்கிச் சுவர் எழுப்பினர். கடனை அடைக்க ஒரு பகுதியை வாடகைக்கு விட்டனர். இவ்வீடுகளிற் பெரும்பாலானவை மன்னன் கொடுத்த மானியமும் அல்ல, பாட்டன் விட்டுச்சென்ற பண்ணையும் அல்ல. உழைத்தவர் தம் வியர்வையால் தேடிய சொத்து. சட்டம் 'சுயார்ஜிதம்' என்று சொல்லுமே, அது.

அந்த இரயில் வருவதற்கு ஓராண்டு முன்புதான், 1930இல், கல்வியால் ஈட்டிய வருவாய் பற்றிய சட்டம் ஒன்று நிறைவேறியது. அதற்கு முன்னால், குடும்பச் செலவில் படித்தவன் தன் படிப்பைக் கொண்டு ஈட்டிய பொருளைக் கூட்டுக்குடும்பச் சொத்தென்று உறவினர் உரிமை கொண்டாட இடமிருந்தது. இனி அது ஈட்டியவனுக்கே உரியது என்றது அச்சட்டம். படித்துச் சம்பளம் வாங்கியவர் தம் பெயரிற் கட்டிய வீட்டின்மேல் அண்ணன் தம்பி, சித்தப்பன் பெரியப்பன் பிடி இவ்வாறு தளர்ந்தது. ஆனால் மகள்? அவள் கணக்கிலேயே இல்லை. மனைவிக்கும் அடிமைக்கும் தமக்கென்று சொத்தில்லை எனச் சொன்ன மனுநூலின் நிழல் அப்போதும் விலகவில்லை.

அந்த நிழலை எதிர்த்து எழுந்த குரல் தாம்பரத்துக்கு மிக அருகிலேயே ஒலித்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது மாகாணச் சுயமரியாதை மாநாடு, ஆணுக்குள்ள சொத்துரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்று தீர்மானித்தது. மாநாட்டுத் தீர்மானந்தானே, காகிதத்தோடு போகும் என்று நகைத்தவர் பலர். 1937இல் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் பங்கு என்றொரு சட்டம் வந்தது. அதுவும் அவள் வாழ்நாள்வரை அனுபவிக்க மட்டுமே. இந்துச் சட்டத் தொகுப்பை நிறைவேற்ற மனமில்லாத மன்றத்தைக் கண்டு 1951இல் அம்பேத்கர் அமைச்சர் பதவியை உதறினார். கடைசியில் 1956 சூன் திங்களில் இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தந்தை தாமே தேடிய சொத்தை உயில் எழுதாமல் விட்டு மறைந்தால் மனைவி, மகன், மகள், தாய் அனைவருக்கும் சமபங்கு என்றது அது. அதே தெருவில் வாழ்ந்த கிறித்தவக் குடும்பத்தில் 1925ஆம் ஆண்டுச் சட்டப்படியே மகனும் மகளும் சமம் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

ஆக, தாம்பரத்து மகளுக்குத் தந்தையின் சுயார்ஜித வீட்டில் உரிமை 1956இலேயே வந்துவிட்டது. நாம் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறோம். மன்னன் முடிசூடிய ஆண்டைக் கேட்டால் மாணவர் மணிமணியாகச் சொல்லுகின்றனர். தம் தாய்க்குச் சொத்துரிமை கிடைத்த ஆண்டைக் கேட்டால் விழிக்கின்றனர். நம் பாடநூல்கள் அப்படி!

ஆனால் கொடுத்த கையே ஒரு பூட்டையும் போட்டது. அச்சட்டத்தின் 23ஆம் பிரிவை ஊன்றிப் பார்க்க வேண்டும். முழுவதும் குடும்பத்தாரே குடியிருக்கும் வீடாயின், ஆண் வாரிசுகள் தங்கள் பங்கைப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பிரிவினை கேட்க முடியாது. மணமாகாதவளோ, கணவனால் கைவிடப்பட்டவளோ அவனைப் பிரிந்தவளோ, கைம்பெண்ணோ ஆனால் மகள் அங்கே தங்கலாம். மற்றவளுக்கு அதுவும் இல்லை. பங்கு உண்டு, பிரிக்க உரிமை இல்லை! சோறு உண்டு, இலை இல்லை என்பது போன்ற நீதி.

இப்பூட்டுக்குள்ளேயே ஒரு திறவுகோலும் கிடந்தது. 'முழுவதும் குடும்பத்தாரே குடியிருக்கும் வீடு' என்றல்லவா சட்டம் சொல்லிற்று? வாடகைக்கு விட்ட வீடு அப்படிப்பட்டதன்று. 1996இல் உச்சநீதிமன்றம் அவ்வாறே தீர்ப்பளித்தது. குடித்தனக்காரர் வசமிருக்கும் வீட்டுக்கு 23ஆம் பிரிவின் தடை பொருந்தாது, பெண் வாரிசு பிரிவினை கேட்கலாம் என்றது. உடன்பிறந்தான் அடைத்த கதவை, முன்பின் அறியாத குடித்தனக்காரர், தாமே அறியாமல் திறந்துவிட்டார்! 2005 செப்டம்பர் 9 முதல் அப்பிரிவே நீக்கப்பட்டுவிட்டது. இன்று வாடகை வீடானாலும் வாழும் வீடானாலும் மகள் பிரிவினை கேட்கத் தடையில்லை.

மெய்யாகவே பரம்பரைச் சொத்தாக இருந்தால் என் செய்வது என்று கேட்பாரும் உளர். அதற்கும் விடை உண்டு. கலைஞர் தலைமையிலான அரசு கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச்சு 25 முதல் மகளையும் பிறப்பாலேயே பங்காளி ஆக்கியது. செங்கற்பட்டுத் தீர்மானத்துக்குச் சரியாக அறுபது ஆண்டு கழித்து! அந்நாளுக்கு முன் மணமானவள் அதில் விடுபட்டாள். 2005ஆம் ஆண்டு நடுவண் திருத்தம் அந்த வேறுபாட்டை விட்டொழித்தது. 2005இல் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தையும் 2020 ஆகத்துத் தீர்ப்பில் உச்சநீதிமன்றம் தள்ளிவிட்டது.

இப்போது குடித்தனக்காரரின் பக்கம் திரும்புவோம். வாரிசுகளின் சண்டையில் முதல் அடி அவருக்குத்தான் விழுகிறது. "வாடகையை என்னிடம் கொடு" என்கிறார் ஒருவர்; "அவனிடம் கொடுத்தால் வீட்டைக் காலி செய்" என்கிறார் மற்றவர். சில வீடுகளில் குடிநீர்க் குழாய் அடைக்கப்படும், மின்சாரம் நிற்கும். இந்தக் கொடுமைக்குச் சட்டம் என்றோ முடிவு கட்டிவிட்டது. பிறர் மனையில் வீடு கட்டிக் குடியிருந்த சென்னை நகரத்து மக்களுக்கு, நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், 1921ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பளித்தது. வீட்டு வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1946இலும், பின்னர் விரிவாக 1960இலும் வந்தது. எண்ணிப் பாருங்கள்: வாடகைக்கு வந்தவனுக்குச் சட்டம் 1946இல் காவல் நின்றது, அந்த வீட்டிற் பிறந்தவளுக்குச் சமபங்கு தரப் பின்னும் பத்தாண்டு வேண்டியிருந்தது. வந்தவனுக்குக் கொடுத்ததை நாம் குறை சொல்லவில்லை. பிறந்தவளைக் காக்கவைத்ததையே சொல்லுகிறோம்.

1960ஆம் ஆண்டுச் சட்டம், வாடகை பெற உரியவர் யார் என்று மெய்யான ஐயம் எழுந்தால் குடித்தனக்காரர் அதை அதிகாரியிடம் செலுத்திவிடலாம் என்றது. குடிநீரையும் மின்சாரத்தையும் நிறுத்தலாகாது என்றும் விதித்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அதனிடத்தில் நிற்கும் புதிய சட்டம், எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பிற் பதிய வேண்டும் என்கிறது. நம் புறநகரில் இன்னமும் எத்தனை வீடுகளில் வாய்ச்சொல்லே ஒப்பந்தமாக இருக்கிறது!

மகள் பக்கத்திலும் ஒரு காகிதம் நடமாடுகிறது. துக்க வீட்டிலேயே "எனக்குப் பங்கு வேண்டா" என்று வெள்ளைத்தாளில் கையொப்பம் வாங்குகிறார்களே, அதனால் அசையாச் சொத்திலுள்ள அவள் பங்கு போய்விடாது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவான விடுதலைப் பத்திரமே செல்லும். ஆகவே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைக்கப்படும் நாளில்தான் தோழியர் விழிப்பாக இருக்க வேண்டும். பத்திரத்தைப் படிக்காமற் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு நீதிமன்றப் படியேறி அதை உடைப்பது எளிதன்று.

வாடகை வாங்கும் அண்ணன், உடன்பங்காளிகளுக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். பிரிவினை வழக்கில் இந்தக் கணக்கையும் கேட்டுப் பெறலாம். அரைக் கிரவுண்டு மனையிலுள்ள வீட்டை நால்வருக்கு எப்படி வெட்டுவது என்று மிரட்டுவோருக்கு 1893ஆம் ஆண்டுப் பிரிவினைச் சட்டம் விடை சொல்லுகிறது: பிரிக்க இயலாத சொத்தை, பாதிப் பங்குக்குக் குறையாமல் உடையோர் கேட்டால், விற்றுப் பணத்தைப் பகிர நீதிமன்றம் ஆணையிடலாம், வீட்டை விட மனமில்லாத மற்றப் பங்காளி, நீதிமன்றம் மதிப்பிட்ட விலைக்கு அவர்கள் பங்கை வாங்கிக்கொள்ளலாம். விற்றாலும் குடித்தனக்காரர் மறுநாளே தெருவுக்கு வந்துவிட மாட்டார். வாங்கியவர் அவருக்குப் புதிய வீட்டுக்காரர் ஆவார், அவ்வளவே.

வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். அதற்குள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. தாய், மகன், மகள் எல்லாரும் கையொப்பமிட்ட ஒரு கடிதம் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் போக வேண்டும். இம்மாதம் முதல் வாடகையை இன்ன வங்கிக் கணக்கிற் செலுத்துக என்று. கணக்கு எல்லார் பெயரிலும் இருக்கட்டும். வரியும் பழுதுபார்ப்பும் போக மிஞ்சியது பங்குப்படி பிரியட்டும். மகளின் பெயரை அக்கடிதத்தில் எழுத மறுப்பவர் யாரோ, அவரிடம் அதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.