சிங்கப்பூரின் கடைவீடுகளும் உயர்மாடிகளும்

நிலம் குறுகிய நகரொன்றிலே பழைய கட்டடமொன்று நிலைத்து நிற்கும்போது, அவ்விடத்தில் எழக்கூடிய உயர்மாடியொன்று எழாமற் போகின்றது. ஆகவே பழமையைப் பேண விரும்புவோர், அதனால் வரும் இழப்பை யார் ஏற்பது என்னும் வினாவுக்கும் விடை கூறக் கடமைப்பட்டவராவர். அவ்விடையைத் தேடிய நகரங்களுள் சிங்கப்பூரின் வரலாறு நேயர்களின் கருத்துக்குரியது.

1819 ஆம் ஆண்டிலே அத்தீவில் ஆங்கிலேயரின் வணிகத் துறையை நிறுவியவர் ராபிள்ஸ். 1822 இல் அவர் விடுத்த நகரமைப்புக் கட்டளைகளுள் ஒன்று, வீதியோரக் கட்டடங்களின் முன்னே தொடர்ச்சியாக விறாந்தை அமைதல் வேண்டும் என்பதாகும். வெயிலும் மழையும் படாமல் மக்கள் நடந்து செல்ல உதவிய அதுவே பின்னர் ‘ஐந்தடிப் பாதை’ எனப் பெயர் பெற்றது. கீழே கடை, மேலே குடியிருப்பு. ஒடுங்கிய முகப்பு, நீண்ட உட்புறம். நடுவிலே காற்றும் ஒளியும் புகுவதற்கொரு திறந்த முற்றம். இதுவே கடைவீடு. ராபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை 1827 இல் சவுத் பிரிட்ஜ் வீதியிலே தோற்றுவித்த மாரியம்மன் கோயிலைச் சூழ்ந்து சீனரின் கடைவீடுகள் நிறைந்தன. மாட்டு வணிகத்தோடு வளர்ந்த சிராங்கூன் வீதியிலே இந்திய வணிகர் கடை பரப்பினர்.

இரண்டாம் உலகப் போரின் பின் இக்கடைவீடுகளுக்குக் கெட்ட காலம் பிறந்தது. 1947 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏழைக் குடியிருப்பாளரைக் காத்தது. ஆயின் சொற்ப வாடகை பெற்ற உரிமையாளர், ஓடு மாற்றவும் சுவர் பூசவும் மனங்கொள்ளவில்லை. ஒரு வீட்டைப் பல சிற்றறைகளாகத் தடுத்து, வெளிச்சமும் காற்றும் இன்றிப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. 1960 இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் இம்மக்களுக்குத் தொடர்மாடி வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. 1966 ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம் பழைய வட்டாரங்களை இடித்துத் துப்புரவாக்க வழி செய்தது. குழாய்நீரும் தனிக் கழிப்பிடமும் பெற்ற குடும்பங்களுக்கு இது பெருநன்மை என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

எனினும் இடித்தபின் எஞ்சுவது யாது என்னும் கவலை அரசாங்கத்திலேயே எழுந்தது. 1971 இல் நினைவுச் சின்னங்களைப் பேணும் சபையொன்று அமைந்தது. 1973 இல் முதன்முதலாகத் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்ட எட்டினுள் மாரியம்மன் கோயிலும் தெலோக் ஆயர் சந்தையும் அடங்கும். 1983 இல் உல்லாசப் பிரயாணிகளின் தொகை குறைந்தபோது, நகரம் தன் முகத்தை இழந்துவிட்டதோ என்னும் ஐயம் வலுத்தது. இறுதியில் 1989 யூலை 7 ஆம் திகதி, சீனர் வட்டாரம், சின்ன இந்தியா, கம்போங் கிளாம் முதலிய பத்துப் பகுதிகள் பேணுதற்குரியவை எனச் சட்டபூர்வமாக அறிவிக்கப்பட்டன. இன்று காக்கப்படும் கட்டடங்கள் 7,000க்கு மேற்பட்டவை.

இஃது இயன்றமைக்குக் காரணங்கள் உள. கடலைத் தூர்த்துப் பெற்ற மரீனா நிலத்திலே வானளாவும் மாடிகளுக்கு இடம் கிடைத்தமையால், பழைய நகரின்மீதிருந்த நெருக்கம் தளர்ந்தது. விதிகளும் எல்லா இடத்துக்கும் ஒன்றாக அமையவில்லை. மிகப் பழைய வட்டாரங்களிலே கட்டடம் முழுவதும் காக்கப்படல் வேண்டும். பிற்காலப் பகுதிகளிலோ, முன்கட்டைக் காத்துப் பின்கட்டில் உயர்ந்த புதிய பகுதியை எழுப்பலாம். கட்டடத்தைக் காப்போருக்கு அபிவிருத்திக் கட்டணம் போன்றவற்றிலே விலக்கும் அளிக்கப்பட்டது.

ஆயினும் சுவரைக் காத்தவர்கள் வாழ்வைக் காத்தார்களா என்பது வேறு வினா. 1983 இல் சீனர் வட்டாரத்து வீதி வியாபாரிகள் கிரேத்தா ஆயர் கட்டடத்துக்கு மாற்றப்பட்டனர். வாடகைக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 2001 இல் முற்றாக நீங்கியது. உயர்ந்த வாடகையைத் தாங்கமாட்டாத பழந்தொழில்கள் பல மறைந்தன. அவ்விடங்களில் உணவகங்களும் அலுவலகங்களும் புகுந்தன.

அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டு இவ்வினாவைக் கூர்மையாக்குகின்றன. 1976 இல் நிறைவெய்திய 38 மாடிப் பேர்ல் பாங்க் குடியிருப்பு, ஒருகாலத்தில் புதுமையின் சின்னமாயிருந்தது. அதனைக் காக்க உரிமையாளர் பலர் முயன்றும், 2018 இல் அது கூட்டு விற்பனையிற் கைமாறிப் பின்னர் இடிக்கப்பட்டது. 1973 இல் எழுந்த கோல்டன் மைல் கட்டடமோ 2021 இல் பேணப்படும் கட்டடமாக அறிவிக்கப்பட்டது. அதனை வாங்குவோர் அருகே உயர்மாடியொன்று எழுப்பும் வண்ணம், இருந்த தளப்பரப்பின் மூன்றிலொரு பங்கு மேலதிகமாக அனுமதிக்கப்பட்டது. அதனால் 2022 இல் 70 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு அது விலைபோயிற்று, கட்டடம் தப்பியது. ஆனால் அங்கே நெடுங்காலம் கடை நடத்திய தாய்லாந்து வணிகர் வெளியேற நேர்ந்தது.

இழப்பீடின்றிப் பழமையைக் காக்குமாறு உரிமையாளரை ஏவுதல் நெடுநாட் பயன் தராது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. உரிமையாளரின் இழப்பைக் கணக்கிட்ட சிங்கப்பூர், வாடகைக் குடியிருப்பாளரின் இழப்பையும் சிறு வணிகரின் இழப்பையும் அவ்வாறு கணக்கிடவில்லை. நகரமொன்றின் பழமை செங்கல்லிலும் ஓட்டிலும் மட்டும் தங்குவதில்லை. ஐந்தடிப் பாதையிலே நடந்தோரிடத்தும் கடை விரித்தோரிடத்தும் அது தங்கியிருந்தது. அவர்களையும் கணக்கிற் சேர்க்கும் நகரமே பழமையையும் புதுமையையும் ஒருங்கே பேணிய நகரமாகும்.