மிதி, பிடி, விடு

பழைய கார் வைத்திருந்த வீட்டில் வளர்ந்த பெண்களுக்கு இந்த மூன்று சொற்களும் தெரிந்திருக்கும். அப்பாவோ அண்ணனோ சக்கரத்தைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்திருப்பார்கள். நம்மை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்திருப்பார்கள். கீழேயிருந்து குரல் மட்டும் வரும்: "மிதி... மிதி... பிடி. விட்றாத. ம், விடு." கால் வலிக்கும்வரை மிதித்திருக்கிறோம். எதற்காக மிதிக்கிறோம் என்று நாமும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை அது. வீட்டில் செய்தால் இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மிதித்து அழுத்தம் கொடுத்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தின் பின்னால் இருக்கும் சிறு நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்து, குமிழியோடு வரும் எண்ணெயை வெளியே விட்டு மூட வேண்டும். மூடுவதற்கு முன் மிதித்தவர் காலை எடுத்துவிட்டால் காற்று திரும்ப உள்ளே போகும். ஆக வேலையில் சரிபாதி மிதிக்கிறவளுடையது. "அப்பா பிரேக் பார்த்தார்" என்றுதான் நான் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பாதி வேலையின் வரலாற்றைத் தேட வைத்தது ஒரு மலை இறக்கம். எங்கள் ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில்தான் திருத்தணி. படி ஏற முடியாத அம்மாவை 1999-ஆம் வருடத்து மாருதி 800-இல் உட்கார வைத்து மலைப்பாதையில் மேலே போய் வந்தேன். இறங்கும்போது மூன்றாவது திருப்பத்தில் பிரேக் மிதி பஞ்சுபோல ஆனது. அடுத்த மிதியில் தரைவரை போய்விட்டது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஓரமாக மண்ணில் ஏற்றி நிறுத்தினேன். கைப்பிரேக் தனிக் கம்பியில் பின்சக்கரங்களைப் பிடிப்பது. எண்ணெய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அந்தக் கம்பி. அம்மா ஒன்றும் பேசவில்லை. மடியிலிருந்த விபூதிப் பொட்டலத்தை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஒரு பட்டறையில் சர்வீஸ் செய்து, பிரேக் ஆயில் மாற்றியதாகப் பில்லும் வாங்கியிருந்தேன். போய்க் கேட்டபோது மெக்கானிக் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார்: "மேடம் பிரேக்கை மிதிச்சிக்கினே இறங்கியிருப்பாங்க சார்." அதில் பாதி உண்மை. நான் மிதித்துக்கொண்டேதான் இறங்கினேன்; இரண்டாம் கியரில் இறங்கியிருக்க வேண்டும். மீதி உண்மை பானட்டைத் திறந்தபோது தெரிந்தது. கிண்ணத்தில் இருந்த எண்ணெய் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 எண்ணெய் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்தால் ஆவி, ஆவியை அமுக்கினால் அது சுருங்கும், சக்கரத்தைப் பிடிக்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். அன்றிலிருந்து எங்கள் வண்டியின் பிரேக்கை நானே பார்க்கிறேன்.

பார்க்கத் தொடங்கியபின், இதற்கு முன் யார் பார்த்தார்கள் என்று தேடினேன். முதல் பெயரே பெண் பெயர்.

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், தன் இரண்டு மகன்களோடு, ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து தாய்வீடு இருந்த போர்ட்ஸ்ஹைமுக்கு, கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியில் கணவரிடம் சொல்லாமல் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அவ்வளவு தூரம் அதற்கு முன் யாரும் மோட்டார் வண்டியில் போனதில்லை. அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார், கால்பட்டியைக் கொண்டு மின்கம்பிக்கு உறை போட்டார் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். ஊசியும் உள்ளாடைப் பட்டியும் எழுதுகிறவர்களுக்குச் சுவையாக இருக்கின்றன போலும். எனக்கு முக்கியம் அடுத்தது. இறக்கங்களில் பிரேக் கட்டை தேய்ந்து பிடிக்காமல் போனது. வழியில் பவுஷ்லாட் என்ற ஊரில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் வண்டியை நிறுத்தி, கட்டையின் மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். இன்று 'பிரேக் லைனிங்' என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, மோட்டார் வண்டியில் அதன் தொடக்கம் அந்தத் தோல்.

கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தைப் பெற்று, கார்லின் தொழிலைக் கடனிலிருந்து மீட்டவரும் பெர்த்தாதான். 1886-இன் காப்புரிமை கார்ல் பெயரில் மட்டும் இருக்கிறது. அமெரிக்காவின் ஆட்டோமோட்டிவ் ஹால் ஆஃப் ஃபேம் 1984-இல் கார்லின் பெயரைச் சேர்த்தது. பெர்த்தாவின் பெயர் வர 2016 ஆனது.

தோலுக்கு அடுத்து வந்தது துணி. இங்கிலாந்தின் டெர்பிஷயரில் குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பிரேக் கட்டைக்குப் பழைய பூட்ஸ் தோலை அடித்து வைப்பதை ஹெர்பர்ட் ஃப்ரூட் பார்த்தார். 1897 முதல் அவர் பருத்தியை நெய்து, பிசின் ஊற்றி, லைனிங்காக விற்கத் தொடங்கினார். அவருடைய 'ஃபெரோடோ' என்ற பெயர், ஃப்ரூட் என்பதன் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டு மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தைச் சேர்த்தது என்று சொல்வது வழக்கம். மனைவிக்குக் கிடைத்தது ஒரு எழுத்து.

பருத்தி சூட்டில் கருகியது. அந்த இடத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. தமிழில் அதற்குக் கல்நார் என்று பொருத்தமான பெயர் உண்டு. கல்லிலிருந்து நார் உரித்து, நூலாக நூற்று, பித்தளைக் கம்பியோடு நெய்து லைனிங் செய்தார்கள். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். பிரேக் என்றால் கிரீஸ், இரும்பு, ஆண்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு காலத்தில் அது நெய்த துணியாக இருந்திருக்கிறது. நான் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள்.

அந்த நூலை நூற்றவர்களில் ஒருவர் நெல்லி கெர்ஷா. மான்செஸ்டர் பக்கத்தில் ரோச்டேல் என்ற நூற்பு ஊர். சிறுமியாகப் பருத்தி ஆலைக்குப் போனவர், பிறகு கல்நார் ஆலைக்கு மாறி, 1917-இலிருந்து டர்னர் பிரதர்ஸ் நிறுவனத்தில் கல்நார் நூற்றார். மூச்சு கெட்டது. 1924 மார்ச்சில், முப்பத்து மூன்று வயதில் இறந்தார். நுரையீரலைச் சோதித்த மருத்துவர் வில்லியம் குக் அதே வருடம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்; கல்நார் தூசியால் வந்த மரணம் பற்றி மருத்துவ இதழில் வந்த முதல் பதிவு அது. நிறுவனம் நோய்க்கான பணமும் தரவில்லை, அடக்கச் செலவும் தரவில்லை. ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. பெயர்க்கல் இல்லாத குழியில் நெல்லியைப் புதைத்தார்கள். அந்த நிறுவனம் இருந்த குழுமத்துக்குள்தான் 1920-களின் நடுவில் ஃபெரோடோவும் வந்து சேர்ந்தது. 1931-இல் பிரிட்டன் கல்நார் ஆலைகளில் தூசியைக் கட்டுப்படுத்த விதிகள் கொண்டுவந்தது.

ஆலைக்கே போகாத பெண்களையும் அந்தத் தூசி விடவில்லை. 1965-இல் லண்டனில் வெளியான ஓர் ஆய்வு, மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வந்த 76 பேரின் வாழ்க்கையை விசாரித்தது. அதில் ஒன்பது பேர் கல்நாரைத் தொட்டதே இல்லை; வீட்டில் ஒருவர் கல்நார் வேலை செய்தார், அவ்வளவுதான். பெரும்பாலும் கணவரின் வேலைச் சட்டையை உதறித் துவைத்த மனைவிகள்.

இது எங்கோ நடந்த கதையாக எனக்குப் படவில்லை. ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கமெல்லாம் விசைத்தறி ஊர்கள். தறி ஓட்டுகிறவர் பெயரில் கூலி எழுதப்படும். தார் சுற்றுகிறவள் வீட்டு மனுஷி. அம்மா நாற்பது வருடம் தார் சுற்றினார். அது வேலை என்று எந்தக் கணக்கு நோட்டிலும் இல்லை. தூசிக்கும் கணக்கு கிடையாது. தறிக்கூடங்களின் மேல் இன்னமும் கல்நார் அட்டைக் கூரை இருக்கிறது. இந்தியாவில் கல்நாரின் இறக்குமதியும் பயன்பாடும் முழுதாகத் தடை செய்யப்படவில்லை. ஆகவே பழைய வண்டியின் பின்சக்கர டிரம்மைத் திறக்கிற பெண் யாராக இருந்தாலும் ஒன்று சொல்வேன்: உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். போட்டிருந்த உடுப்பைத் தனியாக நனையுங்கள். லைனிங்கில் கல்நார் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல நம் கண்ணுக்குத் தெரியாது.

பெண்கள் ஓட்டுநர் இருக்கைக்கு வந்த கதை ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. 1993-இல் கன்னியாகுமரிப் பக்கத்து வசந்தகுமாரி அரசுப் பேருந்து ஓட்டுநரானதைப் பாடம் சொல்லும்போது மாணவிகள் கைதட்டுகிறார்கள். சக்கரத்தைக் கழற்றும் பெண்ணுக்கு அந்தக் கைதட்டல் வருவதில்லை. தேர்த் திருவிழாவிலும் இந்த வித்தியாசத்தைப் பார்த்திருக்கிறேன். வடம் பிடிக்கப் பெண்களைக் கூப்பிடுவார்கள், புண்ணியம் என்பார்கள். சக்கரத்துக்கு முன் முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிற, நிறுத்துகிற கையில் ஒரு பெண்ணை இதுவரை நான் கண்டதில்லை. அந்தக் கட்டையின் பெயர்தான் நம் பேச்சில் 'வேலையைக் கெடுப்பது' என்று ஆகியிருக்கிறது. மலைப்பாதையில் மிதி தரைக்குப் போன நாளுக்குப் பிறகு, அந்தச் சொல்லை வகுப்பில் அந்தப் பொருளில் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

உதிரிபாகக் கடையில் புது எண்ணெயும் பின்சக்கர பிரேக் ஷூவும் கேட்டேன். 1960 வரை ஆந்திரத்தோடு இருந்த பக்கம் எங்களுடையது. கடைப் பேச்சில் பாதி தெலுங்கு. "எவருக்கி அம்மா?" என்றார் கடைக்காரர். "நாக்கே" என்றேன். டப்பாவைக் கொடுத்துவிட்டு, "மூடி சீல் பாத்துக்கோ, ஒடைச்சா மீதிய வச்சிக்காத" என்று தமிழில் சொன்னார். எனக்கு யாரும் கேட்காமல் சொல்லிக் கொடுத்த முதல் பிரேக் பாடம் அது.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டியை நிறுத்தி, சமதரைதானா என்று பார்த்து, கழற்றாத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடக்கூடாது. ஸ்டாண்டு வைக்க வேண்டும். சக்கர நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே தளர்த்திக்கொள்ள வேண்டும். கைவலு போதாவிட்டால் ஸ்பேனர் மேல் ஏறி நின்றால் போதும், நம் எடை செய்துவிடும். ஷூவை மாற்றிய பிறகு காற்றெடுக்க ஆள் வேண்டியிருந்தது. கணவர் ஊரில் இல்லை. "இன்னாடி பண்ணணும்?" என்று அம்மா சேலையைச் செருகிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார்.

இந்த முறை எதற்காக என்று முதலில் சொன்னேன். எண்ணெய், குழாய், குமிழி எல்லாம். அம்மா கேட்டுவிட்டு, "தறியிலயும் பிரேக் உண்டே. ஊடை அறுந்ததும் நிக்கணும். நிக்கலன்னா துணி போச்சு" என்றார். மாஸ்டர் சிலிண்டருக்கு எட்டத்தில் இருக்கும் பின்சக்கரத்தில் தொடங்கினோம். கிண்ணத்தில் எண்ணெய் வற்றாமல் நடுநடுவே ஊற்றிக்கொண்டே இருந்தேன். தார் சுற்றிய கால் போலும், ஒரு தடவைகூட அம்மா முன்னதாக விடவில்லை. நான்காவது சக்கரத்தில், நான் கேட்பதற்கு முன்பே மேலேயிருந்து குரல் வந்தது: "இப்ப கல்லு மாதிரி இருக்குது. மூடு."

அன்று இரவு நான்கு சக்கரங்களுக்கும் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தோம். விடிந்ததும் அம்மாதான் முதலில் போய்க் குனிந்து பார்த்தார். தாளில் ஈரம் இல்லை.