இரு குழல்களில் வந்த பசை

மணாலியிலிருந்து லே நகருக்கு ஏறும் மலைப்பாதையில், சந்திரா, பாகா என்னும் இரு நதிகள் கூடுமிடத்தில் தாந்தி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள பெட்ரோல் நிலையத்தில், அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எச்சரிக்கும் பலகையொன்று நெடுங்காலம் நின்றது. அதைக் கடந்து மோட்டார் சைக்கிளில் செல்லும் ஒருவர், சில மணி நேரம் கழித்து, டாங்கியின் அடியில் துரு அரித்த ஊசித்துளை வழியே பெட்ரோல் சொட்டுவதைக் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சொட்டும் சில அடி தூரப் பயணம். முன்னும் பின்னும் பட்டறை கிடையாது. அந்நிலையில் அவர் தம் பையைத் துழாவி எடுப்பது இரண்டு சிறிய குழல்கள். ஒன்றில் பிசின், மற்றொன்றில் அதனை இறுகச் செய்யும் பொருள். எபாக்ஸி என்னும் இந்தப் பசை அவர் கைக்கு வந்து சேர்ந்த வழி நேரானதன்று.

இப்பசை வருமுன்னும் டாங்கிகள் ஒழுகத்தான் செய்தன. அன்றைய ஓட்டிகள் துணி துவைக்கும் சோப்பைச் சிறிது நனைத்து, துளையின்மீது அழுந்தத் தேய்ப்பார்கள். சோப்பு நீரில் கரையும், பெட்ரோலில் கரையாது. எளிய இரசாயன உண்மையொன்றைப் பள்ளிக்கூடம் செல்லாமலே கண்டுகொண்ட உபாயம் அது, இன்றும் பயன்படுவது. ஆனால் மழை வந்தால் போயிற்று. நிலையான பரிகாரம் வேண்டுமெனில் வெல்டிங் பட்டறைக்குப் போக வேண்டும். அங்கேதான் ஆபத்து. நிறைந்த டாங்கியைவிடக் காலியான டாங்கியே கொடியது. உள்ளே தங்கிய பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்து ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். டாங்கியை நீரால் நிரப்பாமல் சுடரைக் கொண்டுசெல்பவர் தம் உயிரைப் பணயம் வைப்பவராவார். நெருப்பின்றி உலோகத்தை அடைக்கும் ஒரு பொருளைத் தெருவோரப் பட்டறைகள் ஆவலுடன் வரவேற்றதற்கு இதுவே போதிய காரணம்.

அப்பொருளின் பிறப்பிடம் மோட்டார்ப் பட்டறையன்று, பல் மருத்துவம். சுவிட்சர்லாந்தில் பல் மருத்துவப் பொருள்களைச் செய்துவந்த டி ட்ரே நிறுவனத்தில் பியேர் காஸ்டான் என்ற இரசாயன அறிஞர், செயற்கைப் பல்வரிசைக்கு ஏற்ற பிசினைத் தேடிக்கொண்டிருந்தார். 1938இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பல் வியாபாரத்தில் அப்பிசின் எடுபடவில்லை. பாசல் நகரத்துச் சீபா நிறுவனம் உரிமம் பெற்று, யுத்தம் முடிந்தபின் 'அரால்டைட்' என்ற பெயரில் அதனை உலோகப் பசையாகச் சந்தைக்குக் கொணர்ந்தது. ஏறத்தாழ அதே வேளையில் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ என்பவரும் இவ்வகைப் பிசின்களை ஆக்கிக் காப்புரிமை பெற்றார். அவருடைய நிறுவனம் வர்ணப் பூச்சுத் தொழிலைச் சேர்ந்தது. பல்லும் பூச்சும் தேடியவர்கள் பசையைக் கண்டது விஞ்ஞான வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

உலோகத்தைப் பசையால் இணைக்கலாம் என்ற நம்பிக்கையை உண்டாக்கியதோ ஆகாய விமானத் தொழில். இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் நார்மன் டி புருய்ன் என்பவர் நடத்திய ஏரோ ரிசர்ச் நிறுவனம், 1940களின் தொடக்கத்தில் ரீடக்ஸ் என்ற பசையை உருவாக்கிற்று. அது எபாக்ஸி அன்று, வேறு வகை. எனினும் அங்கு வேரூன்றிய ஒழுக்கம் நம் கதைக்கு இன்றியமையாதது. அலுமினியத் தகட்டின் எண்ணெய்ப் பசையை முற்றும் போக்கி, அமிலத்தில் தோய்த்து, கழுவி உலர்த்தி, அதன்பிறகே பசை இடுவார்கள். அழுத்தமும் வெப்பமும் அளவறிந்து தரப்படும். பிற்பாடு இந்நிறுவனமும் சீபாவின் வசமாயிற்று. பசை டக்ஸ்ஃபோர்டிலிருந்து கடைத்தெருவுக்கு வந்தது. ஒழுக்கம் உடன் வரவில்லை.

இறுகும் விதத்தையும் சிறிது பார்ப்போம். இரண்டு கார்பன் அணுக்களும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் நெருக்கியடித்துப் பிணைந்த முக்கோண வளையமே எபாக்ஸியின் உயிர்நிலை. இறுக்கும் பொருள் அவ்வளையத்தைத் திறந்து, மூலக்கூறுகளை வலைபோல் பின்னிவிடுகிறது. சாதாரணக் கோந்தைப்போல் எதுவும் ஆவியாகிப் போவதில்லை. ஆகவே பசை அதிகம் சுருங்குவதில்லை. பள்ளத்தை நிரப்பியபடியே நிற்கும். வெடித்த கிராங்க் கேஸுக்கும் துளைபட்ட டாங்கிக்கும் வேண்டிய குணம் இதுதான்.

நம் நாட்டில் 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் அமைந்து, இராணுவத்துக்கும் பொதுமக்களுக்கும் புல்லட் வண்டிகளைத் தந்தது. 1961இல் மைசூரில் ஜாவா வண்டிகள் உருவாகத் தொடங்கின. உதிரிபாகம் கிடைப்பது அருமையான அந்நாட்களில், உடைந்ததை எறியாமல் ஒட்டுவதே பட்டறைகளின் தர்மம். இக்காலத்தில் தில்லியின் கரோல்பாக் தெருக்களில், இமயம் நோக்கிப் புறப்படும் வண்டிகளில் கட்டப்படும் சாமான் பையில் அரால்டைட்டும் பிசைந்து அடைக்கும் எம்-சீலும் தவறாமல் இருக்கக் காண்கிறோம்.

இவ்விடத்தில் நம் பிழையொன்றையும் சொல்லிவிடுவது நலம். அலுவலக மேசையில் ஒருமுறை இத்தகைய பசையின் உபயோகக் குறிப்பைத் தமிழாக்க நேர்ந்தது. மூலத்தில் மேற்பரப்பைத் தயார்செய்க என்ற பொருள்பட இருந்ததை 'துடைக்கவும்' என்று எழுதி முடித்தோம். வாக்கியம் அழகாகவே இருந்தது. பிறகு மெக்கானிக் ஒருவரிடம் காட்டியபோது அவர் சிரித்தார். "துடைச்சா ஒட்டாதுங்க, சுரண்டணும்" என்றார். வர்ணமும் துருவும் நீங்கி உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் சிறிதுமின்றி நீக்கினால்தான் பிடிப்பு உண்டாகும். டக்ஸ்ஃபோர்டு அமிலத் தொட்டியின் முழுப்பொருளையும் அவர் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்.

வெப்பமும் குளிரும் வேறு சோதனைகள். பத்துப் பாகை குறைந்தால் இறுகும் நேரம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தோராயக் கணக்கு. உறைபனிக் கணவாயில் பசை களியாகவே கிடக்கும். சூடான எஞ்சினருகே வைத்துப் பதப்படுத்துவோர் உண்டு, டாங்கி வேலையில் அதற்கும் எச்சரிக்கை வேண்டும். மறுபுறம், சாதாரணக் குழல் பசை 60 பாகையை ஒட்டியே இளகத் தொடங்குகிறது. காற்றால் குளிரும் எஞ்சினின் தலைப்பகுதியோ 150 பாகையைத் தாண்டக்கூடியது. இக்குறையைக் கருதி உலோகத்தூள் கலந்த வகைகள் வந்தன. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் 1969இல் தொடங்கிய ஜேபி வெல்டு அவற்றுள் பெயர்பெற்றது.

இளகாமலே ஏமாற்றும் இன்னொரு குணமும் எபாக்ஸிக்கு உண்டு. ஓயாத பாரத்தின்கீழ் அது கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல நீண்டுகொடுக்கும். 2006 ஜூலை 10 அன்று பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில், கூரையிலிருந்து ஏறக்குறைய 26 டன் கான்கிரீட் காரொன்றின்மீது வீழ்ந்து ஒரு பெண்மணி மாண்டார். கூரையைத் தாங்கிய ஆணிகளைப் பிடித்திருந்தது விரைவில் இறுகும் எபாக்ஸி. நெடுநாள் பாரத்தைத் தாங்க அது ஏற்றதல்ல என்று அரசாங்க விசாரணை கண்டது. ஆணிகள் சில 1999இலேயே இறங்கத் தொடங்கியிருந்தன என்பதும் வெளிவந்தது. பொறியியலாளர் புடைசூழ்ந்த பெருங்கட்டடத்திலேயே இவ்வாறெனில், பிரேக் நெம்புகோலையும் முன் ஃபோர்க்கையும் சட்டத்தின் விரிசலையும் பசையால் ஒட்டி ஓட்டுவதை என்னென்பது! டாங்கி ஒழுகினால் வண்டி நிற்கும். ஃபோர்க் விட்டுக்கொடுத்தால் ஓட்டுபவர் நிற்கமாட்டார்.

டாங்கியிலும் இப்போது ஒரு புதுமை சேர்ந்திருக்கிறது. 2025க்குள் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. பழைய பெட்ரோலுக்கு அசையாத சில ஒட்டுகளும் உட்பூச்சுகளும் எத்தனாலில் மெல்ல மிருதுவாகின்றன. பழைய ஒட்டுடன் வண்டி வைத்திருப்பவர், பெட்ரோல் நிரப்பிய மறுநாள் காலையில் டாங்கியின் அடியை விரலால் தடவி, முகர்ந்து பார்த்துவிட்டுப் புறப்படுகிறார்.